காற்றும் நீரும் கல்பாத்தித் தெருவும்

அண்மைக் காலத்தில் நம்மவர் இல்லங்களுக்குப் புதிய விருந்தாளிகள் சிலர் வந்து சேர்ந்திருக்கின்றனர். பருத்த வயிறும் வாய்கொள்ளாச் சிரிப்புமாக ஒருவர் கூடத்து அலமாரியில் அமர்ந்திருக்கிறார். வாயில் காசைக் கவ்விய மூன்றுகால் தவளையொன்று வாசற்படியருகே காவலிருக்கிறது. சாளரத்தில் குழல்மணி கிணுகிணுக்கிறது. நடுவில் சதுரத் துளையிட்ட சீனக் காசுகள் மூன்றைச் சிவப்புக் கயிற்றில் கோத்துப் பணப்பையில் வைத்துக்கொள்கிறார் குடும்பத் தலைவர். அவர் மகனது எழுதுமேசையில், கண்ணாடிக் குவளை நீரில், 'அதிர்ஷ்ட மூங்கில்' பச்சென்று நிற்கிறது.

பூஜையறையில் பாம்புப் பஞ்சாங்கம் தொங்க, அடுத்த அறையில் பன்னிரண்டு விலங்குகள் வரைந்த சீனக் காலண்டர் தொங்குகிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சீனரோடு அண்டை வீட்டாராய் வாழும் நம் குடும்பங்களில் இது நெடுநாட் பழக்கம். மும்பையிலும் சென்னையிலும் வாழ்வோர்க்கு இது கடந்த சில பத்தாண்டுகளில் கடை வழியே வந்த பழக்கம். பையனுக்கு உத்தியோக உயர்வு வரவேண்டும், பெண்ணுக்கு நல்ல வரன் அமையவேண்டும், கடன் தீரவேண்டும், சொந்த வீடு கட்டவேண்டும் என்பனவே இவற்றை வாங்கி வைப்போர் நெஞ்சிலுள்ள எண்ணங்கள். இவ்வெண்ணங்களில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஊரை விட்டு வந்தவர் யாவரும் ஏதேனும் ஒரு குறிக்கோளை மூட்டையோடு சுமந்து வந்தவரே.

எனினும் ஒரு கேள்வி எழுகிறது. திசையும் நாளும் ஆண்டும் பொருளும் நம் குறிக்கோளுக்கு எவ்வளவு தூரம் துணைநிற்கும்? துணை எங்கே முடிகிறது, தீங்கு எங்கே தொடங்குகிறது? இக்கேள்வியோடு நாம் ஐப்பசித் தேர் காணக் கல்பாத்திக்குச் சென்றோம்.

காற்றுக்கும் நீருக்கும் நடுவே ஓர் ஊர்

'பெங்சுயி' என்னும் சீனச் சொற்றொடருக்குக் 'காற்றும் நீரும்' என்பது பொருள். இந்தப் பெயர் எந்த ஊருக்குப் பொருந்துமோ பொருந்தாதோ, கல்பாத்திக்கு நன்கு பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாயில் இவ்வூர் உள்ளது. மார்கழியிலும் தையிலும் கிழக்கேயிருந்து உலர்காற்று இக்கணவாய் வழியே சீறிப் பாயும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து மழைக்காற்று நுழையும். ஊரை ஒட்டிக் கல்பாத்தியாறு ஓடுகிறது. அது பறளியில் கண்ணாடியாற்றோடு கலந்து பாரதப்புழை என்றும் நிளை என்றும் பெயர்பெற்றுக் கடலை நோக்கிச் செல்கிறது.

ஆற்றின் தென்கரையில் காசி விசாலாட்சி சமேத விசுவநாத சுவாமி கோவில் உள்ளது. சேகரிபுரத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாள் என்னும் அம்மையார் காசியிலிருந்து லிங்கம் கொணர்ந்து, பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் பொன் அளித்து, 1425ஆம் ஆண்டளவில் இக்கோவில் எழக் காரணமானார் என்பது வழிவழி வரும் வரலாறு. காசியிற் பாதி கல்பாத்தி என்று ஊரார் பெருமையோடு சொல்வர்.

தமிழகத்திலிருந்து கணவாய் வழியே சென்று குடியேறிய மக்கள் அமைத்த தெருக்கள் இவை. பிற்காலத்தில் அவர்தம் பேரன்மாரும் பேத்திமாரும் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கணக்கும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் ரயிலேறினர். அங்கிருந்து கடல் கடந்தும் சென்றனர். ஆகவே கல்பாத்தி, வந்தவர் ஊர், போனவர் ஊர் இரண்டுமாகும். குறிக்கோளோடு வீட்டை விட்டுப் புறப்படுதல் என்றால் என்னவென்று இத்தெருத் திண்ணைகளுக்குத் தெரிந்த அளவு வேறெவற்றுக்கும் தெரியாது.

சாஸ்திரத்துக்கு அடங்காத வீடுகள்

நாம் தங்கிய வீட்டில் சிங்கப்பூரிலிருந்து ஒரு குடும்பம் தேருக்கு வந்திருந்தது. அவர்கள் வீட்டுப் பாட்டியின் பேரன், பரம்பரை வீட்டைச் செப்பனிட எண்ணி, கட்டட சாஸ்திரம் தெரிந்தவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டிருந்தார். வாசற்கதவுக்கு நேராகக் கொல்லைக் கதவு இருப்பதால் வீட்டுச் செல்வம் நுழைந்த வேகத்திலேயே வெளியேறிவிடும், கொல்லைக் கதவைச் சுவர் வைத்து அடைக்கவேண்டும் என்பது கிடைத்த ஆலோசனை. பெங்சுயி நூலார் சொல்லும் விதி அதுவே. வாசல் வழியே புகும் உயிர்ச்சக்தி வீட்டினுள் வளைந்து நெளிந்து தங்கவேண்டும், நேரே ஓடிவிடலாகாது என்பது அவர் கொள்கை.

பாட்டி இதைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தவாறே சொன்னார்: "ஏண்டா, ரெண்டு கதவும் தொறந்திருந்தா காத்து வரும், ஒண்ணை அடச்சா புழுக்கம் வரும். இதைச் சொல்ல ஒருத்தருக்குப் பணம் வேற குடுத்தியா?"

நாம் எழுந்து தெருவை ஒருமுறை நடந்து பார்த்தோம். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கொட்டில் என்று வரிசையாய் நீண்டு செல்லும் வீடுகள். பல வீடுகளில் தெருவில் நின்று பார்த்தால் கதவுக்குக் கதவு நேராகி, கடைசியில் கொல்லையின் வெளிச்சம் தெரிகிறது. பக்கத்துச் சுவர் அடுத்த வீட்டுக்கும் உரியதாதலின் பக்கத்தில் சாளரம் வைக்க இயலாது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் முன்புறமும் பின்புறமும் மேலே முற்றத்து வானமுமே வழி. ஆகவே நேர்க்கதவுகள் அமைந்தது அறியாமையால் அன்று. நெருங்கிய தெருவில் மூச்சுவிடுவதற்குக் கொத்தனும் தச்சனும் கண்ட உபாயம் அது.

இன்னொன்றும் கவனித்தோம். தெருவின் இரு வரிசை வீடுகளும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஒரு வரிசை எத்திசையைப் பார்க்கிறதோ அதற்கு நேர் எதிர்த்திசையை மறுவரிசை பார்க்கிறது. வாசற்றிசையே வாழ்வைத் தீர்மானிப்பதாயின், ஆறு நூற்றாண்டாக ஒரு வரிசையார் தழைத்து, எதிர் வரிசையார் நலிந்திருக்கவேண்டும். தெருவில் யாரைக் கேட்டாலும், இரு பக்கத்திலிருந்தும் உயர் பதவிக்குப் போனவரும் உண்டு, வீட்டை விற்றுவிட்டுப் போனவரும் உண்டு என்றே சொல்கின்றனர். ஒரு தெருவில் பாதியைக் குற்றவாளியாக்கும் விதி அத்தெருவுக்கு வழிகாட்டாது. அது வேறெங்கோ, வேறொரு காரணத்துக்காகப் பிறந்த விதி என்பதையே காட்டும்.

விதிகள் பிறந்த இடம்

அக்காரணம் யாது? பெங்சுயி முதன்முதல் இடுகாட்டுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் கலையாகவே வளர்ந்தது. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் பழைய நூல், முன்னோரை எங்கே அடக்கம் செய்வது என்பதைப் பற்றியதே. உயிர்ச்சக்தி காற்றிற் சிதறும், நீரருகே தங்கும் என்பது அவர் மரபின் அடிப்படை. பின்னர் மலை, ஆற்றின் வடிவை நோக்கிக் கூறும் பள்ளி ஒன்றும், காந்த ஊசி பதித்த வட்டத் தட்டைக் கொண்டு திசை கணிக்கும் பள்ளி ஒன்றுமாக அது பிரிந்தது.

சீன நாட்டில் குளிர்காற்று வடக்கேயிருந்து வீசும். சூரியன் குளிர்காலத்தில் தெற்கே சாய்ந்து செல்வான். ஆகவே வடக்கே மலையும் தெற்கே வாசலும் முன்னே நீரும் அமைந்த வீடு அங்கே வெதுவெதுப்பாகவும் வசதியாகவும் இருக்கும். இவ்வனுபவம் முதிர்ந்து விதியாயிற்று. இதே விதியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றால் என்னாகும்? சிட்னியில் சூரியன் வடக்கே செல்கிறான். தெற்கே வாசல் வைத்தவர் குளிர்காலம் முழுவதும் நிழலில் நடுங்கவேண்டியதுதான்.

நம் நாட்டு மனையியலும் இவ்வாறு மண்ணிலிருந்து பிறந்ததே. மயமதம், மானசாரம் முதலிய நூல்களும், பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் கேரளத்தின் மழைக்கும் மரத்துக்கும் ஏற்ப எழுதிய மனுஷ்யாலய சந்திரிகையும் அவ்வவ்விடத்துக் கட்டடக்கலையை வரைந்தவை. நீலகண்டனாரின் நூல் பெரிதும் நாற்புறமும் நிலம் சூழ்ந்த வீட்டை எண்ணி எழுதியது. சுவரோடு சுவர் ஒட்டிய கல்பாத்தி வீட்டுக்கு அதையே முற்றும் பொருத்த இயலாது. பத்தாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர்க்கு எப்படிப் பொருந்தும்?

அன்றியும் இரு சாஸ்திரங்களையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முயல்வோர் ஓரிடத்தில் திகைத்து நிற்பர். பெங்சுயி நூலாரிற் பலர் தென்கிழக்கைச் செல்வ மூலை என்பர். அது மரத்துக்குரிய திசை, மரத்தை வளர்ப்பது நீர், ஆகவே அங்கே மீன்தொட்டி வைக்கலாம் என்பர். நம் வாஸ்து நூலார்க்குத் தென்கிழக்கு அக்கினி மூலை. அங்கே அடுப்பு எரியவேண்டும், நீருக்குரியது ஈசானியமாகிய வடகிழக்கு. மீன்தொட்டியை எங்கே வைப்பது? ஒருவர் சொற்படி வைத்தால் மற்றவர் சொற்படி தோஷம். ஈரிடத்திலும் காணிக்கை செலுத்தும் வீட்டாரை இரு சாஸ்திரமும் சேர்ந்து காப்பாற்றுவதில்லை.

ஹாங்காங் நகரத்தார் ஒரு கதை சொல்வர். 1990இல் முடிவுற்ற சீன வங்கிக் கோபுரத்தின் கூர்முனைகள் கத்திபோல் அண்டைக் கட்டடங்களை வெட்டுகின்றன என்று பலர் அஞ்சினராம். அருகிலுள்ள ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் உச்சியிற் பொருத்திய பளுதூக்கிகள் இரண்டும் அதற்கு எதிராகக் குறிவைத்த பீரங்கிகள் என்றும் சொல்லப்படும். கதை சுவையானது. ஆனால் இரு வங்கிகளும் இன்றும் வாணிபம் செய்து வருகின்றன. கத்தியும் வெட்டவில்லை, பீரங்கியும் வெடிக்கவில்லை.

இரண்டு அறுபதுகள்

இவ்வாறு சொல்வதால் சீனர் மரபை நாம் இகழ்வதாக யாரும் கொள்ளலாகாது. ஆண்டுக் கணக்கில் அவரும் நாமும் வியக்கத்தக்க அளவு நெருங்கியவர்.

நமக்குப் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது ஆண்டுகள். சீனருக்கும் அறுபதே. வியாழன் ராசி மண்டலத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அச்சுற்று ஐந்து முறை நிகழ்ந்தால் அறுபது. சீனர் பத்து 'வான்தண்டு'களையும் பன்னிரண்டு 'நிலக்கிளை'களையும் இணையிணையாகச் செலுத்துவர். தொடங்கிய இணை மீண்டும் வர அறுபது ஆண்டுகளாகும். எலி, எருது, புலி, முயல், டிராகன் என்னும் பறவைநாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்பன அப்பன்னிரண்டு கிளைகளின் விலங்குகள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐம்பொருள்களும் அவற்றோடு சேரும். நம் ஐம்பூதத்தில் உள்ள வளியும் விசும்பும் அவர் பட்டியலில் இல்லை. அவருடைய மரமும் உலோகமும் நம் பட்டியலில் இல்லை.

சீனரின் இப்போதைய சுற்று 1984இல் தொடங்கியது. நம்முடைய பிரபவ 1987இல் பிறந்தது. மூன்றாண்டு இடைவெளியில் இரு சக்கரங்களும் அருகருகே உருளுகின்றன. அறுபது நிறைந்தவரை நாம் திருக்கடையூருக்கு அழைத்துச் சென்று மணிவிழா நடத்துகிறோம். சீனரும் கொரியரும் ஜப்பானியரும் அறுபது நிறைவைச் சிறப்பாகக் கொண்டாடுகின்றனர். ஒரு வாழ்க்கையில் ஒருவர் தாம் பிறந்த ஆண்டின் பெயரை மீண்டும் காண்பது பேறு என்று இரு மக்களும் எண்ணினர்.

கொடுக்கல் வாங்கலும் இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் சீனத் தலைநகரில் வானியல் அலுவலகத்தின் தலைவராய் விளங்கிய கௌதம சித்தர் இந்திய மரபினர். அவர் 718இல் நவக்கிரகக் கணிதத்தைச் சீனமொழிக்கு மாற்றினார். அமோகவஜ்ரர் என்னும் பௌத்தத் துறவி நட்சத்திரங்களையும் கிரகங்களையும் பற்றிய நூலொன்றை அதே நூற்றாண்டில் அங்கே மொழிபெயர்த்தார். சீன நாட்டுச் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோவில் எடுத்த தமிழ் வணிகர் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று உண்டு. ஆண்டு 1281. சக ஆண்டையும் சித்திரை மாதத்தையும் சித்திரை நட்சத்திரத்தையும் குறித்து அதில் தமிழில் எழுதினர். எழுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அயல்நாட்டில் நம் நாளை மறவாமல் வைத்துக்கொண்ட முதற் குடியேறிகள் நாமல்லோம் என்பதை அக்கல் நினைவூட்டுகிறது. நாட்கணக்கு, தூரத்திலிருப்பவனுக்கு ஊரோடு பேசும் மொழி. இந்த அளவில் பஞ்சாங்கம் நமக்குப் பெருந்துணையே.

நிளைக் கரையில் ஒரு கணிதர்

கல்பாத்திக் கோவில் எழுந்த காலத்திலேயே, அதே நிளையாற்றின் கழிமுகத்தை அடுத்து வடசேரிப் பரமேசுவரன் என்னும் கணிதர் வாழ்ந்தார். 683ஆம் ஆண்டு முதல் கேரளத்தில் வழங்கிவந்த பரஹிதக் கணிதம் வானத்தோடு ஒத்துவரவில்லை என்பதை அவர் கண்டார். நூல் சொன்ன நேரத்துக்கும் கிரகணம் பிடித்த நேரத்துக்கும் வேறுபாடு இருந்தது. அவர் 1393 முதல் 1432 வரை கிரகணங்களைத் தம் கண்ணாற் கண்டு குறித்தார். 1431இல் திருத்திய கணிதத்தை வெளியிட்டார். அதற்குத் 'த்ருக்கணிதம்', அதாவது கண்ணாற் கண்ட கணிதம் என்று பெயர். நாம் இன்று திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று சொல்லும் பெயரின் மூலச்சொல் இதுவே.

நம் முன்னோரிடம் நாம் கற்கவேண்டியது இதுவன்றோ! நூலை வணங்கினார், ஆயினும் வானத்தைப் பார்த்தார். இரண்டும் மாறுபட்டபோது நூலைத் திருத்தினார்.

அயலகத்தில் வாழ்வோர்க்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்றும் உண்டு. ராகு காலம் ஒன்றரை மணி என்பது பகல் பன்னிரண்டு மணியாக இருக்கும் இடத்துக்கு உரிய கணக்கு. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து ஒரு கூறு எடுப்பதே விதி. லண்டனில் ஆனி மாத நீண்ட பகல் பதினாறரை மணிக்கு மேற்பட்டது. அங்கே ராகு காலம் இரண்டு மணியைத் தாண்டும். மார்கழியில் பகல் எட்டு மணிக்கும் குறைவு. அப்போது ராகு காலம் ஒரு மணிதான். பாலக்காட்டிலிருந்து வந்த காலண்டரைப் பார்த்து, இந்திய நேரப்படி லண்டனிலோ நியூயார்க்கிலோ காரியத்தை ஒத்திவைப்பவர் ராகுவுக்கும் அஞ்சியவராகார், பஞ்சாங்கத்துக்கும் கீழ்ப்படிந்தவராகார். பழக்கத்துக்கு மட்டுமே அடிமையாகிறார்.

அலமாரியில் அமர்ந்த சிரிக்கும் பெரியவரையும் இவ்வாறே சற்று விசாரித்துப் பார்ப்போம். அவர் கௌதம புத்தர் அல்லர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பூதாய் என்னும் சீனத் துறவி அவர். துணிமூட்டை ஒன்றைத் தோளிற் சுமந்து ஊர் ஊராய்த் திரிந்தவர். தமக்கென ஒன்றும் சேர்த்துக்கொள்ளாதவரைச் செல்வம் சேர்த்துத் தரும்படி நாம் கேட்கிறோம்! 'அதிர்ஷ்ட மூங்கில்' என்பதும் மூங்கிலே அன்று. நடு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வேறொரு செடி அது. அழகுக்கு வளர்க்கலாம், தடையில்லை.

தீக்குதிரை ஆண்டு

இதுவரை சொன்னவை பணத்தையும் சுவரையும் பற்றியவை. சுவரை இடித்தால் மீண்டும் கட்டலாம். இனிச் சொல்வது அவ்வாறு மீட்க முடியாதது.

சிங்கப்பூர்க் குடும்பத்து மருமகள் கருவுற்றிருந்தார். குழந்தை 2026இல் பிறக்கவேண்டும். சீனக் கணக்கில் அவ்வாண்டு பிப்ரவரி 17 முதல் ஏறத்தாழ ஓராண்டு தீக்குதிரைக்கு உரியது. தீக்குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவளாவாள், கணவனுக்கு ஆகாது என்னும் ஜப்பானிய நம்பிக்கையை அவர் எங்கோ படித்திருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் நம்மிடம் கேட்டார். ஆனால் அச்சிரிப்புக்குப் பின்னே பல இரவுகளின் உறக்கமின்மை இருந்தது.

முந்தைய தீக்குதிரை ஆண்டு 1966. ஜப்பானில் 1965இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழப் பதினெட்டு லட்சத்து இருபதாயிரம். 1966இல் அத்தொகை பதின்மூன்று லட்சத்து அறுபதாயிரமாகச் சரிந்தது. 1967இல் பத்தொன்பது லட்சத்துக்கு மேல் ஏறியது. ஒரு விலங்கின் பெயருக்கு அஞ்சி, ஒரு தேசத்தில் நான்கில் ஒரு பங்குத் தொட்டில்கள் அவ்வாண்டு வெறுமையாயின. தொழிலும் கல்வியும் செழித்த நாட்டில்தான் இது நிகழ்ந்தது.

இதன் மறுபக்கத்தையும் காண்க. டிராகன் ஆண்டுக் குழந்தை பெரும்பேறு பெற்றது என்று கருதி, 1988, 2000 முதலிய ஆண்டுகளில் சிங்கப்பூர், தைவான் முதலிய இடங்களில் சீனக் குடும்பங்கள் மிகுதியாகப் பிள்ளை பெற்றனர். விளைவு யாது? அவ்வாண்டுக் குழந்தைகள் பள்ளியில் இடம் பெறவும் வேலை பெறவும் மற்றவரினும் அதிகமானவரோடு போட்டியிட நேர்ந்தது. அதிர்ஷ்டத்தை எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் அதுவும் வரிசையில் நிற்கவைக்கிறது. வியட்நாமியர் முயலுக்குப் பதில் பூனையை வைத்திருக்கின்றனர். எல்லைக்கு இப்பால் முயலாகப் பிறந்த குழந்தை அப்பால் பூனையாகிறது. குழந்தை மட்டும் குழந்தையாகவே இருக்கிறது.

ஜப்பானியரைப் பார்த்து நாம் தலையசைத்துவிட்டுப் போகலாகாது. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்றும், ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்றும், செவ்வாய் தோஷம் என்றும் சொல்லி எத்தனை பெண்களை ஜாதகக் கட்டுக்குள் நாம் காத்திருக்க வைத்தோம்! மும்பையில் வங்கி அதிகாரியாகவும் லண்டனில் மருத்துவராகவும் இருக்கும் பெண்ணின் ஜாதகத்தைக்கூட, பெண்ணைப் பார்க்குமுன்பே திருப்பி அனுப்பும் வீடுகள் நம்மிடையே இன்றும் உள்ளன.

மருமகள் கேட்டதற்குப் பாட்டி உடனே விடை சொல்லவில்லை. சற்று நேரம் கோவில் இருக்கும் திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "குழந்தே, அந்த லட்சுமி அம்மாள் யாரு தெரியுமோ? புருஷனை இழந்தவள். வெளியில புறப்படறபோது அப்படிப்பட்டவா எதிர்ல வந்தா சகுனம் சரியில்லேன்னு சொல்ற காலம் அது. அவ கொண்டுவந்து வெச்ச சாமியைத்தான் இந்த ஊரே இழுத்துண்டு போறது."

வெளியே தேர் அசைந்தது. முன்னே மக்கள் வடம் பிடிக்க, பின்னே யானை தலையால் முட்டித் தள்ள, விசுவநாதரின் தேர் தெருவில் நகர்ந்தது. மருமகள் எழுந்து திண்ணையோரம் போய் நின்றார். அன்று அவரிடம் நாம் வேறொன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கொள்வன, தள்ளுவன

ஆகவே அன்பர்களே, நாம் கல்பாத்தியிலிருந்து கொணர்ந்த கருத்துகளைச் சுருக்கமாக உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, வீட்டைத் துப்புரவாக வையுங்கள். பெங்சுயி நூலார் வாசலில் அடைசல் கூடாது, உடைந்த பொருளை வைத்திராதீர் என்பர். நம் பாட்டிமார் விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடச் சொன்னதும் அதுவே. இதனால் வியாழன் இடம்பெயரான். ஆனால் துப்புரவான மேசையில் அமர்ந்த பிள்ளைக்குப் படிப்பில் மனம் செல்லும்.

இரண்டாவது, காற்றும் வெளிச்சமும் எத்திசையிலிருந்து வருகின்றனவோ அத்திசையே உங்கள் வீட்டுக்கு நல்ல திசை. வாடகை வீட்டில் சுவரை மாற்ற இயலாவிடினும், கட்டிலையும் மேசையையும் சாளரத்துக்கு ஏற்ப மாற்றலாம்.

மூன்றாவது, நாள் குறிப்பதைக் கைவிடாதீர்கள். விஜயதசமியன்று குழந்தைக்கு அரிசியில் எழுத்தறிவிக்கிறோம். சித்திரை முதல்நாள் கணக்கைத் தொடங்குகிறோம். குறித்த நாளில் ஒன்றைத் தொடங்குவது மனத்துக்கு உறுதி தரும். ஆனால் நல்ல நாள் தொடங்குவதற்கே. மறுநாளும் அதற்கடுத்த நாளும் உழைப்பதற்கு உரியவை. பஞ்சாங்கத்தில் அவற்றுக்குத் தனிக் குறியீடு இல்லை.

நான்காவது, காசு கேட்கும் சாஸ்திரத்தை இருமுறை சிந்தியுங்கள். கடன் தீர்வதற்காகக் கடன்பட்டு வாசலை மாற்றுவது கூடாது. ஆயிரம் ரூபாய்க்குத் தவளை வாங்குவோர் அதே ஆயிரத்தைக் குழந்தை பெயரில் சேமிப்பில் இட்டால், தவளை கவ்விய காசைவிட அது நிச்சயம் வளரும். கல்பாத்தி போன்ற மரபுத் தெருவில் வீடுடையோர் மற்றொன்றும் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டின் தாங்குகோலுமாகும். ஒருவர் அதிர்ஷ்டத்துக்காக இடிப்பது அடுத்த வீட்டாரின் கூரையையும் தெருவின் அழகையும் தொடும்.

ஐந்தாவது, இதை மற்ற எல்லாவற்றினும் அழுத்திச் சொல்கிறோம். எந்த ஆண்டின் பெயராலும் எந்த விண்மீனின் பெயராலும் எந்தச் சகுனத்தின் பெயராலும் மனிதர் ஒருவரை, அதிலும் பிறவாத குழந்தையை, குறையுடையது என்று சொல்லாதீர்கள். அண்டை வீட்டுச் சீனர் ஆரஞ்சுப் பழம் கொடுத்துப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னால் மகிழ்ந்து பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை எந்த விலங்கு என்று அவர் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அவ்விலங்கு பிள்ளையின் வாழ்வை மேய்ந்துவிட மட்டும் இடங்கொடாதீர்கள்.

நாம் புறப்படும் நாளில் சிங்கப்பூர்ப் பேரன் கொத்தனார் ஒருவரை அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவு அடைபடவில்லை. துருப்பிடித்த கீல்களை மாற்றி, கதவு முழுதும் திறக்குமாறு செய்யச் சொன்னார். பாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். கணவாய்க் காற்று வாசல் வழியே புகுந்து, ரேழியைக் கடந்து, முற்றத்தில் உலர்ந்த புடவையை அசைத்துவிட்டு, கொல்லை வழியே ஆற்றை நோக்கிப் போயிற்று.